ஐந்தரை மணி நேரம் பிந்திய கடிகாரம்

ஓய்வு பெற்றவர்களிடம் பழைய கதை கேட்க யாருக்கும் தைரியம் வராது. ஆரம்பித்தால் நிறுத்தமாட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இப்போது கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பிரவீன் தானாகவே வந்து மாட்டிக்கொண்டார். "அக்கா, ஒரே மெசின்ல ரெண்டு சிஸ்டம் வெச்சுக்கிட்டு, ரெண்டு பேரு எப்படீங்க ஃபைல் மாத்திக்கிட்டீங்க? இப்ப வந்திருக்கறவங்ககிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. எழுதிக் குடுங்கக்கா" என்றார்.

என்னிடம் நேரம் நிறைய இருக்கிறது. அனுப்பர்பாளையத்தில் தனி வீடு. பக்கத்து வீட்டார் வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துபோகிற நாட்கள் உண்டு. ஆகவே பிரவீன் கேட்டதைவிடக் கூடுதலாகவே எழுதப் போகிறேன். வேண்டாததை அவர் வெட்டிக்கொள்ளட்டும். வெட்டுவதற்கு எங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

என் வேலை பேட்டர்ன் போடுவது. ஒரு பனியனுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொரு துண்டும் எந்த அளவில், எந்த வளைவில் வரவேண்டும் என்று வரைந்து, அந்தத் துண்டுகளைத் துணியின் அகலத்துக்குள் வீணாகாமல் நெருக்கி அடுக்கிக் கொடுக்க வேண்டும். அப்படி அடுக்கிய படத்துக்கு மார்க்கர் என்று பெயர். அதைப் பிளாட்டர் என்கிற அச்சு மெசினில் பெரிய தாளில் அச்சடித்து, விரித்த துணி அடுக்கின் மேல் போட்டுத்தான் கட்டிங் மாஸ்டர் மெசினை ஓட்டுவார். அட்டையும் பென்சிலுமாக ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது கோயமுத்தூருக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அந்தக் காலத்தில் அந்த வேலையில் பெண்கள் குறைவு, அதனால் முதல் சில வருஷம் எல்லோரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு சலித்துப் போய் விட்டுவிட்டார்கள். பயிற்சிக் கதை இவ்வளவுதான்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் போட்டிருக்கும் கம்பெனிகளுக்குச் சோதனை வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சுப் பரவிய சமயம் அது. எங்கள் முதலாளி ராத்திரி தூங்கினாரோ இல்லையோ, காசு கொடுத்து ஒரே ஒரு விண்டோஸ் வாங்கினார். பேட்டர்ன் மென்பொருள் அதில்தான் ஓடும், வேறு வழியில்லை. மற்ற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடச் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர்களின் மெயில் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவருக்குத் தனிக் கம்ப்யூட்டர் கேட்டபோது முதலாளி சொன்னதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நிட்டிங் மெசின் ரெண்டு ஷிப்ட் ஓடுதல்ல? கம்ப்யூட்டர் மட்டும் என்ன, மதியத்தோட படுத்துத் தூங்கறதுக்கா வாங்கி வெச்சிருக்கறேன்?"

அவர் கணக்குப்படி அது நியாயம். எங்கள் ஊரில் ஓடாமல் நிற்கும் மெசினைப் பார்த்தால் முதலாளிகளுக்குப் பொறுக்காது. காலையில் எனக்குப் பேட்டர்ன் வேலை, மதியத்துக்கு மேல் நான் கட்டிங்கில் நின்று மார்க்கர் சரியாக விரிகிறதா என்று பார்ப்பேன். பையரின் ஊரில் ஆபீஸ் திறப்பதே நமக்கு மதியம் தாண்டித்தான், மெயில் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். ஆக, ஒரே கம்ப்யூட்டர், காலை ஷிப்ட் விண்டோஸ், மாலை ஷிப்ட் லினக்ஸ். விண்டோஸுக்கு இன்டர்நெட் கிடையாது. வைரஸ் பயம். மெயிலில் வரும் அளவுகளை லினக்ஸில் இறக்கி, இரண்டு சிஸ்டமும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பொது டிரைவில் வைக்க வேண்டும். மறுநாள் காலை நான் விண்டோஸில் அதை எடுத்துக்கொள்வேன்.

அந்த டிரைவுக்குப் பெயர் வைத்தவர் எங்கள் மேனேஜர் தங்கவேல். டீ கொண்டுவருகிறவரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகுதான் பதில் சொல்வார். நானும் மெயில் பார்க்க வந்தவரும் விளக்கியதைக் கேட்டுவிட்டு அன்றும் துடைத்தார். "அப்ப இது கிழக்கூடு மேக்கூடு மாதிரிங்க அம்மிணி. ஒரு காம்பவுண்டு, ரெண்டு ஊடு. ஒருத்தரு ஊட்டுக்குள்ள இன்னொருத்தரு போகக் கூடாது. வாசல் மட்டும் பொது. சரிதானுங்களே?" என்றார். சரிதான் என்றோம். அன்றிலிருந்து அந்த டிரைவ் வாசல்.

வாசலுக்கு அவர் ஒரு சட்டமும் போட்டார். பையர் மாற்றிச் சொன்ன எந்த அளவையும் வாய்வார்த்தையாகச் சொல்லக் கூடாது, வாசலில் வைக்க வேண்டும். வாசலில் எது இருக்கிறதோ அதன்படிதான் வெட்ட வேண்டும். அதற்கு முன்னால் யாரோ சொன்னது யார் காதிலோ தப்பாக விழுந்து ஒரு லாட் துணி முழுக்க வீணானதால் வந்த சட்டம் அது.

மெயில் பார்க்க வந்தவர் குமரேசன். காங்கேயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மனைவி தவறிவிட்டார், அம்மாவோடு இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏனுங்க" என்பார், நானும் "ஏனுங்க" என்பேன். அந்த ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் குழப்பம் ஒன்றும் வரவில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். நான் என் வேலையைச் சேமித்து விண்டோஸை முழுக்க மூடி ரீஸ்டார்ட் கொடுப்பேன். திரை இருட்டாகி, கருப்புப் பின்னணியில் இரண்டு வரி வரும். மேல் வரி விண்டோஸ், கீழ் வரி லினக்ஸ். குமரேசன் நின்றபடியே கையை நீட்டிக் கீழ் வரியைத் தட்டுவார். பழைய மெசின், எழுந்து வரச் சாவகாசம் எடுத்துக்கொள்ளும். இருந்தது ஒரே நாற்காலி. நான் எழுந்து பிளாட்டர் மேல் சாய்ந்துகொள்வேன், அவர் உட்கார்ந்து பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வைப்பார். கம்ப்யூட்டர் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நாங்கள் பேசுகிற நேரம். பேசினது என்ன பெரிய விஷயம்? பஸ்ஸில் இடம் கிடைத்ததா, அவர் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி, கேன்டீன் ரசத்தில் இன்றைக்காவது புளி இருந்ததா. லினக்ஸ் வந்ததும் நான் கட்டிங்குக்குப் போய்விடுவேன்.

தினமும் பேச ஒரு விஷயம் மட்டும் தவறாமல் இருந்தது, கடிகாரம். இரண்டு சிஸ்டத்துக்கும் நேரத்தைப் புரிந்துகொள்வதில் ஒத்துப்போகாது. அவர் மதியம் லினக்ஸில் மணியைத் தன் கைக்கடிகாரம் பார்த்துச் சரி செய்தால், மறுநாள் காலை என் விண்டோஸில் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். எட்டரை மணிக்கு நான் உட்கார்ந்தால் திரையில் விடியற்காலை மூன்று என்று காட்டும். நான் அதைத் திருத்தினால், இரண்டு மணிக்கு அவர் பக்கம் பொழுது இறங்கி ஏழரை ஆகியிருக்கும். நான் சரி செய்தால் அவருக்குத் தப்பு, அவர் சரி செய்தால் எனக்குத் தப்பு. தினமும் இரண்டு பேரும் திருத்திக்கொண்டே இருந்தோம்.

இரண்டு மணிக்கு உள்ளே வரும்போதே கேட்பார். "ஏனுங்க, காத்தால உங்க ஊட்டுல விடிஞ்சுதுங்களா?"

"எங்கூட்டுல நானே விடிய வெச்சுக்கிட்டனுங்க. உங்க ஊட்டுலதான் வெளக்குப் பொருத்தற நேரமாயிருச்சு, சீக்கிரம் உக்காருங்க" என்பேன்.

ஒருநாள் காலை மணி சரியாக இருந்தது. எட்டரைக்கு எட்டரை காட்டியது. எனக்கு என்னவோ போலிருந்தது. முந்தின நாள் அவர் வேலைக்கு வரவில்லையோ, உடம்புக்கு முடியவில்லையோ என்று வாசலைத் திறந்து பார்த்தேன். அவர் வைத்த ஃபைல்கள் இருந்தன. மதியம் அவரிடம் சொன்னேன். "மணி சரியா இருந்துச்சுங்க. நேத்து நீங்க வரலையோன்னு நெனச்சுப் போட்டேன்." அவர் "அப்படீங்களா" என்றார். மறுநாள் காலை திரையில் பழையபடி மூன்று மணி. எனக்குச் சிரிப்பு வந்தது. திருத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் பிரவீன் தெரிந்துகொள்ள வேண்டியது.

மின்வெட்டு கடுமையாக இருந்த வருஷம். ஜெனரேட்டர் தையல் பிரிவுக்கே போதவில்லை. கரண்ட் போனால் யுபிஎஸ் சில நிமிஷம் தாங்கும், அதற்குள் சேமிக்காவிட்டால் போட்ட மார்க்கர் போச்சு. நான் மேனேஜரிடம் புலம்ப, அவர் பேட்டர்ன் மென்பொருள் கம்பெனியிலிருந்து ஆளை வரவழைத்தார். வந்தவர் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தார். கம்ப்யூட்டரின் பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் போதும், திறந்திருப்பது திறந்தபடியே உள்ளே பதிவாகி மெசின் அணைந்துவிடும். மறுபடி போட்டால் விட்ட இடத்தில் கோடுகூட மாறாமல் எழுந்து வரும். எனக்குச் சந்தோஷம். அவருக்குக் கேன்டீனில் சாப்பாடே வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள், ஒன்றரை மணி வாக்கில் கரண்ட் போனது. பட்டனைத் தட்டினேன். மெசின் அணைந்தது. இருட்டு ரூமில் உட்கார்ந்து என்ன செய்வது என்று சாப்பிடப் போய், அப்படியே கட்டிங்குக்குப் போய்விட்டேன். கரண்ட் வந்த பிறகு குமரேசன் வந்து, தானே மெசினைப் போட்டு, கீழ் வரியைத் தட்டி வேலையை ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்கு வந்திருந்தும் பேசிக்கொள்ளாத முதல் நாள் அது.

மறுநாள் காலை மெசினைப் போட்டேன். நேற்று விட்ட மார்க்கர் அப்படியே வந்தது. மணி வழக்கம்போல ஐந்தரை மணி நேரம் பின்னால். திருத்தினேன். வாசலைப் பார்த்தேன். குழந்தைகள் டி-சர்ட் ஒன்றுக்குப் பழைய அளவுத் தாள்தான் இருந்தது. அதன்படி மார்க்கரை முடித்து, வாசலில் சேமித்து, அச்சடித்துக் கட்டிங்குக்குக் கொடுத்தேன். மதியத்துக்குள் அடுக்கடுக்காக வெட்டி முடித்துவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு வழக்கம்போல ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு எழுந்தேன். குமரேசன் உட்கார்ந்துகொண்டே கேட்டார். "ஏனுங்க, அந்தக் கொழந்தை சைஸ் நீளம் கூட்டிப் போட்டாச்சுங்களா?"

"எந்த நீளமுங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். துவைத்த சாம்பிள் சுருங்கிக் குட்டையாகிவிட்டது, உடம்பின் நீளத்தைக் கூட்டுங்கள் என்று பையர் முந்தின நாள் மெயில் அனுப்பியிருக்கிறார். புது அளவை வாசலில் வைத்ததாகக் குமரேசன் சொன்னார். "இல்லீங்களே" என்றேன். லினக்ஸ் வந்தது. அவர் வாசலைத் திறந்தார். அங்கேயும் இல்லை. மெயில் இருந்தது, மெயிலுக்குள் புது அளவு இருந்தது, வாசலில் மட்டும் இல்லை. அவர் கை மவுஸை விட்டு இறங்கி மடிமேல் போய்விட்டது. "வெச்சனுங்களே" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

நீளமாக வெட்டியிருந்தால் குறைத்துக்கொள்ளலாம். குட்டையாக வெட்டியதை யார் நீட்டுவது? அதே துணியை மறுபடி பின்னி, சாயம் போட்டு, வெட்ட வேண்டும். கப்பல் தேதி தள்ளிப் போகும்.

மறுநாள் முதலாளி ரூமில் விசாரணை. கட்டிங் மாஸ்டர், மேனேஜர், நான், குமரேசன். முதலாளி கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மெயில் வந்துருச்சு. ஃபைல் வாசலுக்கு வரலை. நடுவுல இருந்தது நீங்க ஒருத்தருதான். மறந்துட்டேன்னு சொல்லிப் போடுங்க, மனுசனுக்கு மறதி இல்லாம இருக்குமா? வெச்சேன்னு பொய் மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

"மறந்திருந்தா மறந்துட்டேன்னே சொல்லுவனுங்க. நான் வெச்சனுங்க" என்றார் குமரேசன்.

முதலாளி என்னிடம் திரும்பினார். "நீங்க பாக்கறப்ப இருந்துதா?"

"இல்லீங்க." வேறு எப்படிச் சொல்வது? இல்லாததை இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதோடு நிறுத்தவும் எனக்கு மனசு வரவில்லை. "ஆனா அவரு பொய் சொல்ற ஆளு இல்லீங்க" என்றேன்.

"அப்ப நீங்க பொய் சொல்றீங்களா?"

இரண்டு பேரில் ஒருவர் பொய் என்று ரூமில் எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. வெட்டினது வாசலில் இருந்ததன்படிதான் என்பதால், சட்டப்படி நான் தப்பித்தேன். குமரேசன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அவரை அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. தங்கவேல் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "கொஞ்சம் பொறுங்க. அவரு நாலு நாளைக்கு லீவுல இருக்கட்டுங்க. நான் ஒண்ணு பாத்துப் போட்டுச் சொல்றனுங்க" என்றார்.

குமரேசன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று மதியம் இரண்டு மணிக்கு அந்த ரூமில் நான் மட்டும் இருந்தேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, எழுதுவதற்கு வெட்கமில்லை.

அடுத்த நாள் மதியம் தங்கவேல் வந்தார். "அம்மிணி, நீங்க நீங்களா இருங்க, நான் குமரேசனா இருக்கறனுங்க. அன்னிக்கு நடந்த மாதிரியே நடத்திப் பாக்கலாம்" என்றார். நான் சேமித்து, மூடி, ரீஸ்டார்ட் கொடுத்தேன். அவர் கீழ் வரியைத் தட்டி, லினக்ஸில் ஒரு சின்ன ஃபைல் எழுதி வாசலில் வைத்தார். மறுபடி விண்டோஸுக்கு வந்தோம். ஃபைல் பத்திரமாக இருந்தது. அப்படியானால் அவர் வைக்கவில்லை என்றுதானே ஆகும்?

தங்கவேல் எழுந்திருக்கவில்லை. "அன்னிக்கும் இப்படியே ரீஸ்டார்ட் குடுத்துத்தான் எந்திரிச்சீங்களா?"

"தெனமும் இப்படித்தானுங்க..." என்று ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்தது. "இல்லீங்க. அன்னிக்குக் கரண்ட் போயிருச்சுங்க. பட்டனைத் தட்டீட்டுச் சாப்படப் போயிட்டனுங்க."

"அப்பத் தட்டுங்க."

தட்டினேன். மெசின் அணைந்தது. அவர் போட்டு, லினக்ஸில் நுழைந்து, வாசலில் இன்னொரு ஃபைல் வைத்தார். வைத்ததை என்னிடம் காட்டினார். மூடினார். நான் போட்டு மேல் வரியைத் தட்டினேன். என் மார்க்கர் விட்ட இடத்தில் எழுந்து வந்தது. வாசலைத் திறந்தேன். அவர் வைத்த ஃபைல் இல்லை.

"உங்க வேலையைச் சேமிங்க, அன்னிக்கு மாதிரியே" என்றார். சேமித்தேன். மறுபடி லினக்ஸுக்குப் போய்ப் பார்த்தோம். அங்கேயும் இல்லை. என் கண் முன்னால் வைத்த ஃபைல் போன இடம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். பட்டனைத் தட்டி அணைக்கும்போது விண்டோஸ் மூடுவதில்லை, அரைத்தூக்கத்துக்குப் போகிறது. வாசலில் அந்த நிமிஷம் என்னென்ன இருந்ததோ அதை நினைவில் வைத்துக்கொண்டே தூங்குகிறது. நடுவில் லினக்ஸ் வந்து புதிதாக ஒன்றை வைத்தது அதற்குத் தெரியாது. எழுந்ததும் தன் நினைவில் உள்ளதையே நம்பி, சேமிக்கும்போது அதன்படியே எழுதிவிடுகிறது. அடுத்தவர் வைத்தது அழிந்துபோகிறது. இரண்டு சிஸ்டம் ஒரு டிரைவைப் பங்கு போட்டுக்கொண்டால், ஒன்று முழுக்க மூடின பிறகுதான் மற்றது வரவேண்டும். பிரவீன், உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், இப்போதும் இது உண்டு. புது விண்டோஸ், மூடினால்கூடச் சீக்கிரம் எழுவதற்காக அரைத்தூக்கம்தான் போடுகிறதாம்.

தங்கவேல் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "அப்பக் குமரேசன் வெச்சிருக்காருங்க அம்மிணி" என்றார். முதலாளியையும் கூட்டிவந்து காட்டினார். முதலாளி மோசமான மனிதர் இல்லை. "வரச் சொல்லுங்க" என்று உடனே சொன்னார்.

குமரேசன் வந்தார், சரியாக இரண்டு மணிக்கு. வேலைக்கு இல்லை, சொல்லிவிட்டுப் போக. காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் கணக்குப் பார்க்க ஒத்துக்கொண்டுவிட்டார். தங்கவேல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "உங்க மேல வருத்தமில்லீங்க. ஆனா என் வார்த்தையை மெசின்ல ஓட்டிப் பாத்துத்தான் நம்பறாங்கன்னா, அந்த எடத்துல எனக்கு உக்கார முடியாதுங்க" என்றார் குமரேசன். தங்கவேல் எங்களை விட்டுவிட்டு வெளியே போனார்.

நான் பிளாட்டர் மேல் சாய்ந்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "ஒண்ணு கேக்கறனுங்க. சோதிச்சுப் பாக்கறதுக்கு முன்னால நீங்க என்ன நெனச்சீங்க?"

"நீங்க வெச்சிருப்பீங்கன்னுதான் நெனச்சனுங்க. எப்படிக் காணாமப் போச்சுன்னுதான் தெரியலை."

"அது போதுமுங்க" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "போயிட்டு வர்றனுங்க" என்றார். எங்கள் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். நானும் "சரீங்க" என்றேன். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

அந்த மாதமே முதலாளி இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். மெயில் பார்க்க வந்த புது ஆள் வேறு ரூமில் உட்கார்ந்தார், ஃபைல்கள் ஒயர் வழியாக வந்தன. என் மெசினில் கீழ் வரி இருந்தது, தட்ட ஆளில்லை. யாரும் எழுந்து இடம் கொடுக்க வேண்டியதில்லை, எதுவும் இருட்டாகி வரக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை வேகமாக நடந்தது. காலையில் உட்கார்ந்தால் எட்டரைக்கு எட்டரை காட்டியது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் கடிகாரம் ஒருநாளும் தப்பு காட்டவில்லை. மெசின்கள் மாறின, ரூமில் ஆட்கள் சேர்ந்தார்கள், எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மதியம் இரண்டு மணி ஆனால் நான் காரணமில்லாமல் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டு உட்காருவேன்.

குமரேசன் கொரோனா சமயத்தில் போய்விட்டார். தங்கவேல் போனில் சொன்னார். பஸ் ஓடவில்லை, போக முடியவில்லை. ஓடியிருந்தாலும் என்ன உறவு சொல்லிப் போய் நின்றிருப்பேன் என்று தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்டோர் ரூமில் கிடந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அதை ஓடவைக்கத்தான் பிரவீன் போன மாதம் வந்தார். தூசி தட்டி, உள்ளே இருந்த பட்டன் பேட்டரியை மாற்றி, இரண்டு சிஸ்டத்தையும் போட்டுப் பார்த்தார். இரண்டும் எழுந்தன. மணியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, ரெண்டுக்கும் மணி ஒத்துக்கலை. லினக்ஸ்ல ஒரே ஒரு வரி மாத்தினாப் போதுமுங்க, எப்பவும் சரியா இருக்கும். மாத்தட்டுங்களா?"

"ஒரு வரியா?"

"ஆமாங்க. லினக்ஸ் தெரிஞ்ச யாருக்கும் இது தெரியும். அன்னிக்கு அவரு ஏன் மாத்தாம விட்டாருன்னுதான் தெரியலை."

அவர் மாற்றாமல் விடவில்லை. எட்டரைக்கு எட்டரை காட்டிய அந்த ஒரு காலை எனக்கு ஞாபகம் வந்தது. நேற்று நீங்கள் வரவில்லையோ என்று நினைத்தேன் என்று நான் சொன்னதும், "அப்படீங்களா" என்று அவர் சொன்னதும், மறுநாள் மூன்று மணி காட்டியதும். அடுப்படிக்குப் போய்ப் பிரவீனுக்குக் காபி கலக்க எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"மாத்த வேண்டாந் தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இதைப் படித்தால் புரியும்.

இப்போது மதியம் இரண்டு மணிக்கு நான் விண்டோஸை முழுக்க மூடி ரீஸ்டார்ட் கொடுக்கிறேன். இரண்டு வரி வருகிறது. கீழ் வரியைத் தட்டிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறேன். லினக்ஸ் வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைத் திருத்தி, மூடிவிடுகிறேன். மறுநாள் காலை எட்டரைக்கு உட்கார்ந்து மேல் வரியைத் தட்டினால், திரையில் மூன்று மணி. நேற்று வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் திருத்துகிறேன்.